‘தானாகவே பற்றிக்கொண்டது’ என்று சொன்ன நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம். குப்பைக் கிடங்குக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறேன். கிடங்கு மறுபடி எரிந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியனுப்பியதே உங்கள் அலுவலகம்தான். அதே வாரம் பேருந்து நிலைய வாசலில் ‘கார்பன் சமநிலையை நோக்கி நம் நகராட்சி’ என்று முப்பதடி ஃபிளெக்ஸ் கட்டியதும் நீங்கள்தான். புகை வந்த இரண்டாம் நாள் அந்த ஃபிளெக்ஸைத் தாண்டித்தான் அம்மாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மாவுக்கு 71 வயது. வீசிங் உண்டு. புகை வருகிற இரவில் ஜன்னல்களை எல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணிப்போம். மே மாத வெக்கையில் சாத்திய அறைக்குள் யார்தான் இருக்க முடியும்? திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். படுத்தால் இழுக்கிறது என்று நெபுலைசரை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று இரவு அப்படி. காலையில் அந்தத் துண்டை அலசினால் தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது.

அந்த மூன்று நாளும் காலையில் எழுந்து அவர் செய்த முதல் வேலை குப்பை பிரித்ததுதான். கறிவேப்பிலைக் காம்பும் வாழைப்பழத் தோலும் பச்சை வாளியில். பால் கவரைக் கழுவி, கொடியில் கிளிப் போட்டு உலர்த்தி நீல வாளியில். உங்கள் ஆட்கள் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. ஏழு மணிக்கு வண்டி வருகிறது. பச்சை, நீலம் இரண்டும் ஒரே தொட்டியில் கவிழ்கின்றன.

“ஏம்மா, பிரிச்சுத்தானே குடுத்தேன்?” என்று அம்மா கேட்டார். “நான் என்னம்மா பண்ணட்டும்? உரக்கூடம் பூட்டிக் கிடக்குது. எல்லாம் கிடங்குக்குத்தான் போகுது” என்றார் அந்தத் தூய்மைப் பணியாளர். அவர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. பாவம், கையுறைகூட இல்லாமல்தான் அள்ளுகிறார்.

தீ எப்படி வந்தது என்று கேட்டதற்கு, “யாரும் வைக்கவில்லை, தானாகவே பற்றிக்கொண்டது” என்று பதில் வந்தது. சரி, நம்புகிறேன். ஈரக் குப்பையை மலையாகக் குவித்து அமுக்கினால் உள்ளே காற்றுப் புகாது. காற்றில்லாமல் அழுகும் சோறும் இலையும் மீத்தேனைக் கக்கும். உள்ளுக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். அப்புறம் கோடையில் ஒரு பீடித் துண்டு போதும். சில நேரம் அதுகூட வேண்டாம். ஆக, உங்கள் ‘தானாகவே’ என்ற சொல்லுக்குள் தினமும் போய்க் கொட்டும் லாரிகள் அத்தனையும் இருக்கின்றன.

எரியாத நாளிலும் அந்த மீத்தேன் வந்துகொண்டேதான் இருக்கிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். நகராட்சியின் கார்பன் உமிழ்வை எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது என்று ஆலோசகரைத் தேட வேண்டாம். எங்கள் தெருமுனையில் ஐந்து நிமிடம் நின்றால் மூக்கே சொல்லிவிடும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: மக்கும் குப்பையைக் கிடங்குக்கு அனுப்பாதீர்கள்.

இது நானாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. 2016ஆம் ஆண்டிலேயே வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதைத்தான் சொல்லியிருந்தன: மக்காத, மறுபடி பயன்படாத மிச்சம் மட்டும்தான் நிலத்தில் கொட்டப்பட வேண்டும். மக்கும் குப்பையை உரமாக்கவென்று எங்கள் வார்டில் நுண்ணுரக்கூடமும் கட்டினீர்கள். திறப்பு விழாக் கல்வெட்டு இன்னும் பளபளவென்று இருக்கிறது. உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் தேர்தலுக்குக் கட்டிய தடுப்புக் கட்டைகளும் கிடக்கின்றன. குப்பை எடுக்க வாங்கிய பேட்டரி வண்டிகளில் நான்கு, அலுவலகத்தின் பின்புறம் பேட்டரி செத்து நிற்கின்றன. ஒன்றின் கைப்பிடி வரை கோவைக்கொடி ஏறி, காயும் விட்டிருக்கிறது. பசுமை வாகனம் என்றால் இதுதான் போலும்.

பக்கத்து மாநிலத்தையே பாருங்கள். ஆலப்புழை நகரத்துக் குப்பை சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டு வந்தது. அந்த ஊர்க்காரர்கள் லாரிகளை மறித்த பிறகுதான் நகராட்சிக்கு வழி பிறந்தது. தெருக்களிலேயே காற்றோட்டமுள்ள உரத்தொட்டிகள் வைத்தார்கள். அதே கேரளத்தில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு 2023 மார்ச்சில் பற்றி எரிந்து, பத்து நாளுக்கு மேல் ஊரையே புகையால் மூடியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் போட்டது. சென்னைப் பெருங்குடி 2022இல் எரிந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். நாங்களும் லாரியை மறித்தால்தான் நடக்குமா? அப்படி ஒரு நிலைமை வர வேண்டாம் என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

எழுத உட்கார்ந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரைத் தெருவிளக்குகள் காலை ஒன்பது மணிக்கும் எரிகின்றன. நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. சுவிட்சை அணைக்க எந்தத் திட்ட அறிக்கையும் தேவையில்லை. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006இலேயே 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவி, மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. ஒரு கிராம ஊராட்சி! நாமோ நகராட்சி, நமக்கு ஃபிளெக்ஸ் இருக்கிறது. அந்த ஃபிளெக்ஸும் கடைசியில் எங்கள் கிடங்குக்குத்தானே வரப்போகிறது?

மன்னிக்கவும், சூடாகிவிட்டேன். கேட்க வந்ததற்கு வருகிறேன்.

தயவுசெய்து உரக்கூடத்தின் பூட்டைத் திறந்து, அதை நடத்த ஆள் போடுங்கள். வண்டியின் தொட்டியை நடுவில் தடுத்து இரண்டாக்குங்கள். சந்தையின் காய்கறிக் கழிவையும் கல்யாண மண்டபங்களின் இலைக் குப்பையையும் முதலில் பிடியுங்கள். அளவு அங்கேதான் அதிகம். எங்கள் வீட்டுக் குப்பையைப் பிரிக்கும் வேலையை நாங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். பிரித்ததைச் சேர்க்காமல் எடுத்துப்போக மட்டும்தான் கேட்கிறோம். மக்கும் குப்பையைக் கிடங்குக்கு அனுப்பாதீர்கள்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வண்டியோடு நீங்களும் எங்கள் தெருவுக்கு வாருங்கள். அம்மா இரண்டு வாளிகளோடு வாசலில் நிற்பார். அவரிடமிருந்து நீங்களே வாங்கி, எதில் கொட்டுவது என்று வண்டிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவிலிருந்து,
குப்பைக் கட்டணம் பாக்கியில்லாத ஒரு வரிதாரர்