ஒரத்துப்பாளையம் அணையின் அடிக்கசடை அள்ளுங்கள்

அணைக்கும் ஆற்றுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் பெய்த மழைக்கு நொய்யல் ஆறு மறுபடியும் நுரை கட்டி வந்தது. சோதனைக்கு வந்தவர்கள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். இதற்கு முன்பும் பிடித்துப் போயிருக்கிறார்கள். சோதனை முடிவு ஒன்றுகூட எங்கள் ஊருக்குத் திரும்பி வந்ததில்லை.

பழைய கதை உங்களுக்குத் தெரியும். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் ஆற்றில் விட்ட சாயத்தண்ணி தேங்கியது. மற்ற ஊர் விவசாயி மதகைத் திறக்கச் சொல்லிப் போராடுவார். நாங்களோ, அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று நீதிமன்றம் போனோம்.

எங்கள் தோட்டத்துக் கிணறு அப்பா வெட்டியது. அணையிலிருந்து கூப்பிடு தூரம். தண்ணீர் நிறையக் கிடக்கிறது, ஆனால் மாட்டுக்குத் தண்ணி காட்ட முடியவில்லை. தொட்டியில் மூக்கை வைத்ததும் தலையைத் திருப்பிக்கொள்கிறது. தவிடும் புண்ணாக்கும் கலந்து குடிக்க வைத்துப் பார்த்தோம், கழிச்சல் கண்டது. இப்போது விலைக்குத் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம். கட்டுப்படியாகாமல் நாலு மாட்டில் இரண்டை விற்றாயிற்று. இளநீரும் உப்புக் கரிக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வெட்டிக் கொடுக்க அம்மா கூசுகிறார்.

சாயம் துணியில் பிடிக்கப் போடும் உப்பு இது. நிறத்தை எடுத்துவிட்டாலும் உப்பு தண்ணீரிலேயே நிற்கும். தேங்கிய வருடங்களில் மண்ணில் இறங்கியது, கிணற்றுக்கும் வந்துவிட்டது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதோடு எல்லாம் தீர்ந்ததாகப் பேசுகிறீர்கள். அடியில் படிந்த கசடு எங்கே போனது? அதை அள்ளுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

தொழிலுக்கு நாங்கள் எதிரியில்லை. எங்கள் பிள்ளைகளும் பனியன் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். ஆனால் மாசை அகற்றும் செலவு சாய ஆலைகளுடையது என்று உச்ச நீதிமன்றமே 2009-ல் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் 'நிதி இல்லை' என்ற பதிலை எங்களிடம் சொல்வது நியாயமே இல்லை. அணை எங்கள் நிலத்தை வாங்கிக் கட்டியது. ஏற்றுமதிக் கணக்கு சொல்லும் மேடைகளில் எங்கள் கிணறுகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கோபத்தில் ஒரு சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கசடை அள்ளும் வேலை எந்த மாதம் தொடங்கும் என்று எழுத்தில் தாருங்கள். அள்ளியதை எங்கள் காட்டோரம் கொட்டிவிட வேண்டாம் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆயக்கட்டு விவசாயி ஒருவர்