திரைப்படச் சங்கம்: செயலர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கடைசி ஞாயிறு திரையிடல்கள் வழக்கம்போல் நடந்தன. அக்டோபரில் மட்டும் மண்டபத்துக்குள் மழைத் தண்ணீர் வந்துவிட்டதால் ரத்து. சந்தா நிலவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஜனவரி விழாவின் இரண்டாம் நாள் மாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுக்க வந்த புகாரும் பாராட்டும் பெரும்பாலும் அதற்குத்தான்.

‘பரிசோதனைக் குறும்படங்களும் நிகழ்த்துகலையும்’ என்று நோட்டீஸ் அடித்திருந்தோம். முதலில் பிரமோத் பதி 1968இல் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனுக்கு எடுத்த ‘எக்ஸ்ப்ளோரர்’. பிலிம்ஸ் டிவிஷன் என்றால் நம் மூத்தவர்களுக்கு மெயின் படத்துக்கு முன் கட்டாயமாக ஓடும் செய்திப்படத்து அணைக்கட்டும் வெள்ள நிவாரணமும்தான். அந்த நேரத்தில் வெளியே கடலை வாங்கிக்கொண்டு நின்றவர்கள் நம்மில் பலர். கண் சிமிட்டுவதற்குள் காட்சி மாறும் இந்தப் படத்தையும் அதே அரசாங்கப் பணத்தில்தான் எடுத்தார்கள் என்றதும், ஒரு பெரியவர் "அப்போ கடலை வாங்கப் போயே கெட்டோம்" என்றார்.

அடுத்தது ஸ்டான் பிராக்கேஜின் ‘மாத்லைட்’, 1963. கேமராவே இல்லாமல் எடுத்த படம். செத்த விட்டில்களின் சிறகுகளையும் புல்லையும் இதழ்களையும் இரண்டு ஒட்டு நாடாக்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, அதையே பிலிம் ஆக்கினார். நான்கு நிமிடம்கூட இல்லை, ஒலியும் இல்லை. பத்து நொடி போயிருக்காது, பின்வரிசையிலிருந்து "சவுண்டு வரலைப்பா!" என்று குரல், கூடவே விசில். புரொஜெக்டர் பார்த்த தம்பி பதறிப்போய் ஆம்ப்ளிஃபயரைத் திருக, ஸ்பீக்கர் கொய்ங்கென்று அலறியது. இது மௌனப் படம் என்று நோட்டீஸில் ஒரு வார்த்தை இல்லை. வாசகம் எழுதியது நான், பிழை என்னுடையது.

விஷயத்தைச் சொல்லி, முதலிலிருந்து போட்டோம். இந்த முறை யாரும் வாய் திறக்கவில்லை. மேடைப் பக்கத்து மின்விசிறி மட்டும் கிரீச், கிரீச். முடிந்ததும் ஓர் அம்மா, "அந்த ஃபேன் சத்தம், பூச்சி ட்யூப்லைட்டுல முட்டுற மாதிரியே இருந்துச்சுங்க" என்றார். அன்று கேட்ட விமர்சனங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

கடைசியாக, மாயா டெரனும் அலெக்சாண்டர் ஹாமிட்டும் 1943இல் எடுத்த ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’. நிகழ்த்துகலையாக அதற்கு நேரடி உறுமி. படத்தில் கைவைப்பது தவறு என்று செயற்குழுவில் ஒருவர் ஆட்சேபித்தார். அது இங்கே பதிவாகிறது. ஆனால் அதுவும் மௌனமாகப் பிறந்த படம்தான். டெய்ஜி இட்டோவின் இசை 1959இல்தான் சேர்ந்தது. என் குறை வேறு: அந்தப் பெண் மாடிப்படி ஏறும்போதெல்லாம் உறுமியும் கூடவே ஏறியது, தேவையில்லை. முகத்துக்குப் பதில் கண்ணாடி வைத்த உருவம் வந்ததும் கலைஞர் குச்சியை நிறுத்திவிட்டு, உள்ளங்கையைத் தோலின் மேல் சும்மா வைத்துக்கொண்டார். அப்படி இன்னும் நாலு இடத்தில் செய்திருக்கலாம்.

மின்விசிறிக்கு பேரிங் மாற்றியாயிற்று. செலவு 380 ரூபாய், பொருளாளர் கணக்கில் இருக்கிறது. மாற்றியிருக்க வேண்டாம் என்று இரண்டு கடிதங்கள் வந்துள்ளன.

இப்படிக்கு,
செயலர்