அந்தக் கூடத்தின் சாவியைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். மறுவாழ்வுப் பிரிவின் பொதுக்கூடத்தைப் பூட்டி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. இனி உதவாது என்று கண்டம் செய்து ஒதுக்கிய கட்டில்களையும் துருப்பிடித்த ஸ்டாண்டுகளையும் போட்டுவைக்க வேறு இடமில்லை என்றார்கள். அதே வாரத்தில், டிஸ்சார்ஜ் ஆனவர்கள் பார்வையாளர் நேரம் தவிர வார்டுக்குள் வரக் கூடாது என்ற சுற்றறிக்கையும் ஒட்டப்பட்டது. இரண்டையும் திரும்பப் பெறக் கேட்டு இரண்டு முறை மனு கொடுத்தோம். பதில் இல்லை. முதுகுத் தண்டுவடக் காயத்தோடு இந்தப் பிரிவில் பயிற்சி பெற்றவர்களும், அவர்களைக் கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களும் சேர்ந்து இந்த மடலைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

கோப்பில் அந்த அறைக்குப் பெயர் 'பொழுதுபோக்குக் கூடம்'. அந்தப் பெயரை வைத்துத்தான் அவசியமில்லாத இடம் என்று முடிவெடுத்திருக்க வேண்டும். அங்கே நடந்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறோம்: மதியச் சாப்பாடு.

கூடத்தில் இருந்தது நீளமான சாப்பாட்டு மேசை. அடியில் குறுக்குச் சட்டம் கிடையாது. தரையிலிருந்து 70 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி இருந்ததால் வீல்சேரோடு முழங்கால் உள்ளே போகும். கழுத்தில் அடிபட்டு விரல்கள் மடங்காதவர்கூட இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, உள்ளங்கையைச் சுற்றிய பட்டையில் ஸ்பூனைச் செருகிக்கொண்டு, தானே சாப்பிடுவார். முதல் வாரம் பாதிச் சோறு மேசையில் சிந்தும். எதிரில் இருப்பவரும் சிந்துவதால் யாரும் கூச்சப்படுவதில்லை. மூன்றாம் வாரத்தில் ரசம் சாதம்கூடச் சிந்தாமல் வாய்க்குப் போகும்.

இப்போது அவர் கட்டிலிலேயே சாப்பிடுகிறார். தலைமாட்டை உயர்த்திச் சாய்த்து உட்காரவைத்து, அம்மாவோ மனைவியோ ஊட்டுகிறார்கள். தலைமாடு 30 டிகிரிக்கு மேல் உயர்ந்தால் உடம்பு கால்மாட்டை நோக்கிச் சறுக்கும். தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். உள்ளே எலும்பு மட்டும் கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்கள் இழுபட்டு நசுங்கும். உணர்ச்சி உள்ளவர் என்றால் இரண்டு நிமிடத்தில் நெளிந்து உட்காருவார். இவருக்குத் தெரியாது. வேளைக்கு அரை மணி, நாளைக்கு மூன்று வேளை. போதாததற்கு விரிப்பில் சிந்திய பருக்கை புட்டத்துக்கு அடியில் மாட்டிக் காய்ந்து கிடக்கும்.

வால் எலும்பின் மேல் புண் இப்படித்தான் தொடங்குகிறது. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார், வெளுக்காவிட்டால் ஆபத்து என்று பாடப் புத்தகம் சொல்கிறது. நம் தோல் நிறத்தில் சிவப்பு பளிச்சென்று தெரியாது. சுற்றுப்புறத்தைவிடக் கறுத்திருக்கும், புறங்கையை வைத்தால் சூடு தெரியும், அல்லது கல் மாதிரி இறுகியிருக்கும். இதைத் தினமும் இரண்டு வேளை தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவர் வீட்டு ஆள்தான். அவருக்கு அதைச் சொல்லித் தந்ததும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மற்ற வீட்டு ஆட்கள்தான். புண் எலும்புவரை இறங்கிவிட்டால் தசையோடு தோலைத் திருப்பி மூடும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். பிறகு பல வாரம் புண்மேல் பாரம் படாமல் குப்புறவும் ஒருக்களித்துமே படுத்திருக்க வேண்டும். அதுவரை உட்காரும் பயிற்சி முழுவதும் நின்றுபோகும். ஒரு மேசையை எடுத்ததற்கு இவ்வளவு விலையா என்று கேட்கத் தோன்றுகிறது. கூடத்தைத் திறந்துவிடுங்கள் என்று பணிவோடு கேட்கிறோம்.

அடுத்து, பழைய நோயாளிகளைப் பற்றி. அவர்களால் தொற்று வரும், கூட்டம் சேரும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. கை கழுவச் சொல்லுங்கள், பெயர் எழுதி உள்ளே விடுங்கள். யாரும் மறுக்க மாட்டோம். ஆனால் அவர்கள் வந்து என்ன செய்தார்கள் என்பதைத் தயவுசெய்து கேளுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ட்யூப் விட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும், ஒரு தடவையில் 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது என்று சிஸ்டர் சொல்லித் தருகிறார். பேருந்து நிலையத்தில் எங்கே போய் எடுப்பது, கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் நாளில் தண்ணீரை எப்படிப் பிரித்துக் குடிப்பது, ட்யூபை எந்தப் பையில் வைப்பது என்பதைப் பத்து வருடமாகச் செய்துகொண்டிருப்பவர்தான் சொல்ல முடியும். வீல்சேரில் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நான்கைந்து நொடியில் இறக்கினால் போதாது, நசுங்கிய இடத்துக்கு ரத்தம் திரும்ப ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும், அதனால் முன்னால் குனிந்து மார்பைத் தொடையில் சாய்த்து இருக்க வேண்டும் என்பதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் ஏறாது. பக்கத்தில் ஒருவர் பேச்சுக்கு நடுவே சாதாரணமாகக் குனிந்து நிமிர்வதைப் பார்த்தால் பழகிவிடும். சூடான டம்ளரைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு வீல்சேரைத் தள்ளாதே என்ற எச்சரிக்கையும், தொடையில் தழும்பு உள்ளவர் சொல்லும்போதுதான் மனதில் நிற்கிறது.

உயிரே போகக்கூடிய விஷயமும் இதில் உண்டு. மார்புப் பகுதியின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு, சிறுநீர் ட்யூப் அடைத்தாலோ மலம் இறுகினாலோ திடீரென்று ரத்த அழுத்தம் எகிறும். மண்டை வெடிப்பது போல் தலைவலி, முகமெல்லாம் வியர்வை. வீட்டில் பயந்துபோய்ப் படுக்கவைத்து மாத்திரை கொடுப்பார்கள். படுக்கவைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, இடுப்புக் கட்டுகளைத் தளர்த்தி, ட்யூப் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் இதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் 1944-ல் தண்டுவடப் பிரிவைத் தொடங்கியபோது, இத்தகைய நோயாளிகள் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் இறந்துபோவார்கள் என்றே பலர் நினைத்திருந்தார்கள். அவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தார். அதோடு நிற்காமல் கையில் பந்தையும் வில்லையும் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று அந்த மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் வில்லெய்ததுதான் பாராலிம்பிக்கின் தொடக்கம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் வீல்சேரில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியில், 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. வீடு திரும்பியவர்களை ஆண்டுதோறும் 'ரீஹாப் மேளா' என்று மறுபடி அழைத்துக் கூட்டுகிற வழக்கம் அங்கே உண்டு. இங்கே அவர்களை வாசலிலேயே நிறுத்துகிறார்கள்.

விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை தர, தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஒரு நல்ல திட்டம் கொண்டுவந்தது. அதனால் பிழைத்தவர்கள் எங்களிலேயே இருக்கிறார்கள், நன்றியோடு சொல்கிறோம். 49-வது மணிக்குப் பிறகு என்ன? வீல்சேர் தருகிறார்கள், அதற்கான குஷன் தருவதில்லை. சாய்தளம் கட்டுகிறார்கள், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டிய இடத்தில் நான்கடியில் முடித்துவிடுகிறார்கள், இறங்கும்போது ஆள் முன்னால் கவிழ்கிறார். வீட்டுக் குளியலறைக் கதவு இரண்டடி, வீல்சேரோ அதைவிட அகலம். டிஸ்சார்ஜுக்கு முன் அந்தக் கதவை அளந்து வரச் சொல்ல ஆளில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு சமூகத்தோடு சேர்ந்து வாழ்வதையே உரிமையாகச் சொல்கிறது. அந்த வாழ்க்கைக்கு இந்த மருத்துவமனையில் இருந்த ஒரே ஒத்திகை இடத்தில்தான் இன்று உடைந்த கட்டில்கள் கிடக்கின்றன.

குஷனும் சாய்தளமும் தங்கள் அதிகாரத்துக்கு மேற்பட்டவை என்பது புரிகிறது. கோபத்தில் அதையும் எழுதிவிட்டோம், பொறுத்தருள வேண்டும். தங்கள் ஒரு கையெழுத்தில் முடிகிறதைத்தான் கேட்கிறோம். கண்டம் செய்த பொருட்களை ஏலத்துக்கு அனுப்ப உத்தரவிடுங்கள். அதுவரை அவற்றைப் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றுங்கள். ஆள் கூலியை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். மேசையைப் பழைய இடத்தில் போட்டு, சாவியை வார்டு சிஸ்டரிடம் ஒப்படையுங்கள். பழைய நோயாளிகள் வாரத்தில் மூன்று நாளாவது காலை பத்து முதல் மதியச் சாப்பாடு முடியும்வரை உள்ளே இருக்க அனுமதி கொடுங்கள்.

வரும் திங்கட்கிழமை காலை தங்களை நேரில் சந்திக்க வருகிறோம். லிஃப்ட் ஓடவில்லை என்பதால் மாடி அலுவலகத்துக்கு எங்களால் ஏற முடியாது. அன்புகூர்ந்து தரைத்தளத்துக்கு இறங்கி வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தண்டுவடக் காயமுற்றோரும் அவர்தம் குடும்பத்தாரும்