ரிஸ்க் அலவன்ஸும் சம்பளம்தான்: எட்டாவது ஊதியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய அரசு ஊழியர்களின் சம்பளத்தையும் பென்ஷனையும் ஆராயும் எட்டாவது ஊதியக் குழுவின் தலைவர், மதிப்பிற்குரிய நீதியரசர் ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

நான் சிஆர்பிஎஃப் என்ற மத்திய துணை ராணுவப் படையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் வேலூர் பக்கம். எங்கள் பக்கம் ராணுவத்துக்கும் துணை ராணுவத்துக்கும் பையன்கள் போவது தலைமுறை தலைமுறையாக நடப்பது, அதனால் பென்ஷன் பேப்பர் என்றாலும் நாமினி மாற்றுவது என்றாலும் யாராவது என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். பணியில் இருக்கும் ஜவான் தன் சம்பளத்தைப் பற்றிப் பொதுவெளியில் பேச முடியாது, சங்கம் வைத்துக்கொள்ளவும் சட்டம் விடாது. எனக்கு இப்போது அந்தக் கட்டு இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒரு விஷயம்தான். உயிரைப் பணயம் வைத்ததற்காக மாதாமாதம் கொடுக்கிற பணத்தைப் பென்ஷன் கணக்கில் சேருங்கள்.

என் அக்கா மகன் கோப்ரா பட்டாலியனில், அதாவது மாவோயிஸ்டுகளை எதிர்த்துக் காட்டில் இறங்கும் சிஆர்பிஎஃப்பின் சிறப்புப் பிரிவில் இருக்கிறான். போன மாதம் பே ஸ்லிப்பை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, "மாமா, இதுல எதெல்லாம் பென்ஷனுக்கு வரும்?" என்று கேட்டான். பேசிக், டிஏ (அகவிலைப்படி), ரிஸ்க் அலவன்ஸ், ரேஷன் மணி என்று வரிசையாக இருந்தது. கீழே பிடித்தத்தில் என்பிஎஸ், அதாவது பங்களிப்பு பென்ஷன் திட்டத்துக்கான தொகை இருக்கும், அது சம்பளத்தில் பத்து சதவீதம், அதை எடுத்துப் பத்தால் பெருக்கிப் பார் என்றேன். பேசிக்கும் டிஏவும் சேர்ந்தால் என்ன வருமோ அதுதான் வந்தது. ரிஸ்க் அலவன்ஸில் ஒரு ரூபாய்கூட அதில் இல்லை. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை, அப்புறம் "சரி மாமா" என்று மட்டும் அனுப்பினான்.

தொகை சின்னது என்றால் நானும் விட்டிருப்பேன். 2017இல் மத்திய அமைச்சரவை கோப்ரா வீரர்களுக்கான படியை 8,400-16,800 ரூபாயிலிருந்து 17,300-25,000 ரூபாயாக உயர்த்தியது. ஒரு கான்ஸ்டபிளின் ஆரம்ப பேசிக்கே 21,700தான். பேசிக்கில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு ஒரு தொகையை வருடக்கணக்கில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகும் நாளில் அது சம்பளமே இல்லை என்றால் எப்படி? அதே 17,300க்கு அவன் பங்கு 10 சதவீதம், அரசின் பங்கு 14 சதவீதம் என்று என்பிஎஸ்ஸில் போட்டிருந்தால் மாதம் 4,152 ரூபாய் அவன் கணக்கில் ஏறியிருக்கும். 2025 ஏப்ரலில் வந்த யுபிஎஸ் என்ற ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டத்திலும் கதை மாறவில்லை. 25 வருடம் முடித்தவருக்குக் கடைசி 12 மாத பேசிக் சராசரியில் பாதி பென்ஷன். அங்கேயும் பேசிக்தான். பழைய பென்ஷனில் போன எனக்கும் அதே கணக்குத்தான் போட்டார்கள்.

பேசிக்கைத் தவிர வேறு எதையும் சேர்க்க முடியாது என்று யாராவது சொன்னால் அதை ஏற்க மாட்டேன், ஏனென்றால் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ராணுவத்தில் மிலிட்டரி சர்வீஸ் பே, ஜவானுக்கு மாதம் 5,200 ரூபாய், பென்ஷனுக்குச் சேரும். ரயில்வேயில் லோகோ பைலட்டுக்கும் கார்டுக்கும் ரன்னிங் அலவன்ஸுக்காக பேசிக்கில் 55 சதவீதத்தைக் கூட்டித்தான் பென்ஷன் போடுகிறார்கள். அது நியாயம், இரவு பகல் பாராமல் ஆயிரம் பேரை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு அது வேண்டும். அவ்வளவு ஏன், எங்கள் முகாமிலேயே மருத்துவ அதிகாரிக்குத் தனியாக பிராக்டீஸ் செய்யாமல் இருப்பதற்காகக் கொடுக்கும் என்பிஏ பென்ஷனில் சேரும். கண்ணிவெடியில் கால் போனவனுக்குக் கட்டுப் போடும் டாக்டரின் படி சேர்கிறது, வெடி புதைத்த பாதையில் முதல் ஆளாக நடந்தவனின் படி சேரவில்லை. டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, விதி மேல்தான்.

இதற்கு நிதித்துறைப் பக்கம் என்ன பதில் வரும் என்று தெரியும். அந்தப் படி இடத்துக்கானது, ஆளுக்கானது இல்லை, மாறுதல் வந்தால் நின்றுவிடும், நின்றுவிடுவதை எப்படி பென்ஷனில் சேர்ப்பது என்பார்கள். இன்னொரு பயமும் இருக்கும்: ஓய்வுக்கு முன்னால் எல்லோரும் சிபாரிசு பிடித்து ரிஸ்க் ஏரியாவுக்குப் போய் பென்ஷனை ஏற்றிக்கொள்வார்கள் என்று. அந்த பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் கடைசி வருடச் சம்பளத்தைக் கண்டபடி ஊதிப் பெருக்கிப் பென்ஷன் வாங்கியது பெரிய பிரச்சினையாகி, 2013இல் சட்டத்தை இறுக்கினார்கள், 2020இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் அங்கேகூட ஓவர்டைமைத்தான் வெளியே வைக்கிறார்கள், மோப்ப நாய்ப் பிரிவு, மோட்டார் சைக்கிள் ரோந்து என்று போலீஸ்காரருக்கு நிரந்தரமாகக் கொடுக்கும் கூடுதல் ஊதியம் பென்ஷனில் சேர்கிறது.

ஆகவே கடைசி 10 மாதத்தையோ 12 மாதத்தையோ பார்க்காதீர்கள், மொத்த சர்வீஸைப் பாருங்கள். 25 வருடத்தில் 10 வருடம் ரிஸ்க் ஏரியாவில் இருந்திருந்தால் படியின் பாதியில் அந்த விகிதத்தைப் பென்ஷனில் சேருங்கள். 17,300க்குப் பாதி 8,650, அதில் பத்தில் நான்கு பங்கு 3,460 ரூபாய். இவ்வளவுதான். எங்கே எத்தனை நாள் இருந்தான் என்பது சர்வீஸ் புக்கில் தேதியோடு பதிவாகியிருக்கிறது, யாரும் கடைசி நேரத்தில் ஏமாற்ற முடியாது. என்பிஎஸ் பையன்களுக்கு இன்னும் சுலபம், படி வரும் மாதங்களில் அதற்கும் பிடித்தம் செய்து அரசுப் பங்கையும் போட்டுவிட்டால் முடிந்தது.

இதில் எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று உண்டு. 2026 மார்ச் 31க்குள் மாவோயிஸ்ட் பிரச்சினையை முடிப்போம் என்று உள்துறை அமைச்சர் அறிவித்தார். நல்லது, முடியட்டும். ஆனால் ஒரு மாவட்டம் அமைதியானதும் அது ரிஸ்க் பட்டியலிலிருந்து இறங்கும், படியும் குறையும். யார் இருந்து அதை அமைதியாக்கினார்களோ அவர்கள் பென்ஷனில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது.

இறந்தவர்கள் குடும்பத்துக்கும் இதே விதிதான். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் எங்கள் ஆட்கள் 40 பேர் போனார்கள், அதில் அரியலூர், தூத்துக்குடி மாவட்டப் பையன்கள் இருவர். இப்படிப் பணியில் உயிர்விட்டவர் குடும்பத்துக்குக் கடைசிச் சம்பளம் முழுவதையும் பென்ஷனாகத் தருகிறோம் என்று அரசு சொல்கிறது, அதற்கு நன்றி. ஆனால் அந்தக் கடைசிச் சம்பளம் என்பதும் பேசிக்தான். எந்த ஆபத்துக்காகப் படி கொடுத்தார்களோ அந்த ஆபத்திலேயே போனவர், அவர் வீட்டுக்காவது அதைச் சேர்த்துத் தரக் கூடாதா?

ஏழாவது ஊதியக் குழு மிலிட்டரி சர்வீஸ் பே பாதுகாப்புப் படைகளுக்கு மட்டும் என்று சொல்லி முடித்துவிட்டது. துணை ராணுவமும் ஆயுதப் படைதான், அதனால் என்பிஎஸ் இல்லாமல் பழைய பென்ஷனே உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்த வழக்கு அதன் வழியில் போகட்டும். ரிஸ்க் படியைச் சேர்க்க அதன் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, உங்கள் பரிந்துரையில் ஒரு பத்தி போதும்.

எழுதுவதற்கு முன்னால் ஆவடிக்கோ பஸ்தருக்கோ ஒருமுறை வாருங்கள். அதிகாரிகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கான்ஸ்டபிள்களையும் ஹெட் கான்ஸ்டபிள்களையும் பே ஸ்லிப்போடு உட்கார வைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிஆர்பிஎஃப் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்