உப்புச் சட்டியில் வெந்த நெய் பிஸ்கட்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அவர் போன பிறகு ஒருத்திக்காக அடுப்பு மூட்ட மனம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டி மேலே படிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை. நேற்று கையெல்லாம் மாவாக நின்றபோது உன் நினைவு வந்தது, அதையே எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அவள் பிஸ்கட் கேட்டதும் நம் விடுதிக்கு எதிரே இருந்த பேக்கரி ஞாபகம் வந்துவிட்டது. கண்ணாடி பாட்டிலில் அடுக்கியிருந்த நெய் பிஸ்கட்டில் இரண்டு வாங்கி, நான்காக உடைத்து, உள்ளங்கையில் உதிர்ந்த தூளைக்கூட விடாமல் தின்போமே!

என்னிடம் ஓவன் கிடையாது. பழைய இரும்புச் சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கல்லுப்பைக் கொட்டி, மேலே ஒரு தட்டு மூடிப் பத்து நிமிடம் மிதமான தீயில் காயவிட்டேன். உப்பு சூட்டை வாங்கி நிதானமாக விடும். முதல் ஈட்டில் பிஸ்கட் தட்டை உப்பின் மேலேயே வைத்துவிட்டேன், அடிப்பக்கம் கருகிப்போயிற்று. அடுத்த ஈட்டுக்கு நடுவில், பாத்திரம் வைக்கும் இரும்பு வளையமான பிரிமனை ஒன்றை வைத்தேன், சரியாகிவிட்டது.

மாவுக்கு வேண்டியதெல்லாம் உன் அலமாரியிலேயே இருக்கும். மைதா 1 கப், கடலை மாவு 2 மேசைக்கரண்டி, பொடித்த சர்க்கரை அரை கப், நெய் அரை கப்புக்குச் சற்றுக் குறைவாக, சமையல் சோடா ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, இரண்டு ஏலக்காய். ரேஷன் சர்க்கரையே போதும். மிக்ஸியில் நைசாக அரைத்துக்கொள். செலவைக் குறைக்க வனஸ்பதி சேர்ப்பவர்கள் உண்டு. அதில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்று 2022 முதல் விதி இருக்கிறது. ஆனாலும் அந்த வாசனைக்கு நெய்தான் என்பது என் கட்சி.

முக்கியமான வேலை நெய்யில்தான் இருக்கிறது. உருக்காதே. உறைந்த நெய்யையும் சர்க்கரையையும் கிண்ணத்தில் போட்டு, மஞ்சள் போய் வெண்ணெய் போல வெளுக்கும்வரை தேய். எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அப்போது உள்ளே புகும் காற்றுதான் பிஸ்கட்டை வாயில் கரைய வைக்கிறது. பிறகு இரண்டு மாவையும் சோடா, உப்போடு சலித்து, ஏலக்காயைப் பொடித்துப் போட்டு, விரல் நுனியால் ஒன்றுசேர்த்தால் போதும். சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசைந்தால் மைதா இழுவை கண்டு பிஸ்கட் கட்டையாகிவிடும். நெல்லிக்காய் அளவு உருட்டி, லேசாகத் தட்டி, இடம்விட்டு வை. நெய் இளகியிருந்தால் எல்லாம் பரந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் தட்டோடு கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிடு.

குளிர்ந்த தட்டைப் பிரிமனைமேல் வைத்து மூடி, சிறு தீயில் இருபது நிமிடம் கழித்துத் திறந்தேன். ஏலக்காயும் நெய்யும் கலந்த வாசனை முற்றம்வரை போயிற்று. ஒவ்வொன்றின் தலையிலும் கோடையில் காய்ந்த ஏரி மண்ணைப் போல வெடிப்பு. தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று பயந்து மறுபடி மூடிவிடாதே. ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

வடக்கே இதற்கு நான்கட்டாய் என்று பெயர். சூரத்தில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன பேக்கரியை எடுத்து நடத்திய ஒரு பார்சிக் குடும்பத்திடமிருந்து பரவியதாகச் சொல்வார்கள். முட்டை, ஈஸ்ட் எதுவுமில்லாமல் மாவும் சர்க்கரையும் நெய்யுமாகவே நின்றதால்தான் இத்தனை வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மேலே சொன்ன அளவுக்குப் பதினைந்து வரும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் பத்து நாள் கெடாது. காலையில் காபிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, உன் எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு மிச்சம். சட்டியிலிருக்கும் உப்பைக் கொட்டிவிடாதே, அடுத்த முறைக்கு ஆகும்.

தை பிறந்ததும் இரண்டு நாள் தங்குவதுபோல வருகிறேன். அதற்குள் ஒரு ஈடு போட்டுப் பார்த்து, வெடிப்பு விழுந்ததா என்று எழுது.

உன்
சகுந்தலா