கழுதைக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை

பிளாக்பூல், இங்கிலாந்து
அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இருபது நாளாகிறது. "போனில் நீ பேசுவது ஒன்றும் கேட்கவில்லை, அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், எழுது" என்று கேட்டிருந்தீர்கள். பதில் போட இன்றுதான் முடிந்தது. வேலை அதிகம், வேறொன்றுமில்லை.

குளிர் பழகிவிட்டது. அறைக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் ஹீட்டரே தேவைப்படுவதில்லை. சாப்பாட்டுக்கும் குறைவில்லை, ஒரு நாள் ரசம் வைத்தால் மூன்று நாளைக்கு வருகிறது. கடற்கரையில் வறுத்த மீனையும் உருளைக்கிழங்கையும் வினிகர் தெளித்துப் பொட்டலமாகத் தருகிறார்கள். ஒரே ஒரு தடவை வாங்கினேன். பாதியைக் கடற்காகம் கொத்திக்கொண்டு போய்விட்டது.

கீழ்வீட்டுப் பாட்டியை அம்மாவுக்குத் தெரியும், வீடியோவில் கையசைத்தாரே, அவர்தான். இந்த ஊர்க்காரர்கள் பேசுவதில் பாதிதான் எனக்குப் பிடிபடும். பாட்டி பேசுவது மட்டும் முழுதாகப் புரியும். வாயை அகட்டி, உதட்டை நீட்டி நீட்டிப் பேசுவார். காரணம் போன வாரம்தான் தெரிந்தது. அவருடைய தாயார் பிளாக்பர்ன் என்ற நெசவு ஊரில் தறி ஓட்டியவராம். தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பதால் மில்லில் எல்லோரும் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்களாம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உங்களிடம் நாங்கள் பேசுவோமே, அதே மாதிரி.

பாட்டியின் பாட்டி நெய்தது என்ன தெரியுமா? வேட்டி! நம் நாட்டுக்கு அனுப்புவதற்கு. பிறகு அந்தத் தறிகள் நின்றுபோனதில் நம்மவர்கள் சீமைத்துணி வேண்டாம் என்றதற்கும் பங்கு உண்டு. 1931-இல் காந்தியே அந்தப் பக்கம் வந்து நெசவாளர்களிடம் பேசியிருக்கிறார். "எங்கள் மேல் கோபமில்லையா?" என்று கேட்டேன். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

அந்த நெசவு ஊர்களில் ஆண்டுக்கு ஒரு வாரம் மில்லை அடியோடு மூடிவிடுவார்களாம். ஆதியில் அது ஊர்த் தேவாலயத்துத் திருவிழா. இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் வேறோர் ஊர் என்று முறைவைத்து, ஊரே ரயிலேறி இங்கே வந்து இறங்கும். இங்கே 518 அடி உயரத்தில் ஓர் இரும்புக் கோபுரம் இருக்கிறது, 1894-இல் திறந்தது. ரயிலிலிருந்து அதை முதலில் பார்க்கும் பிள்ளைக்குப் பாட்டியின் அப்பா ஆறு பென்னி கொடுப்பாராம். அண்ணன் பொய் சொல்லியே அதை வாங்கிவிடுவான் என்று எண்பது வயதிலும் பொருமுகிறார். தங்கும் வீட்டுக்காரி காலைச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவாளாம். மழை கொட்டினாலும் கடற்கரைதான் கதி. மேசையிலிருக்கும் உப்பு, மிளகுக்குத் தனிக்காசு! மணலில் கழுதைச் சவாரி உண்டு, இன்றும் உண்டு. அந்தக் கழுதைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அப்பா, சத்தியமாக. எனக்கு எந்த நாள் என்று இன்னும் சொல்லவில்லை.

பாட்டியின் தாயார் மட்டும் அந்த வாரம் முழுக்கச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடப்பாராம். ஆடிப் பதினெட்டுக்குத் தறியை நிறுத்திவிட்டு நம்மைக் கூடுதுறைக்குக் கூட்டிப்போவீர்கள். அம்மா எலுமிச்சைச் சாதத்தைப் பிரிப்பதற்குள் நீங்கள் படியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பீர்கள். கால் மட்டும் தண்ணீருக்குள் கிடக்கும்.

நேற்று இரவு வேலை முடிந்து வரும்போது பாட்டி ஜன்னலுக்கு அப்பால் நின்று, சத்தமில்லாமல், "சாப்பிட்டாயா?" என்று வாயசைத்தார். "சாப்பிட்டேன் அப்பா" என்று தமிழில் சொல்லிவிட்டேன். மாடிக்கு வந்து வெகுநேரம் விளக்குப் போடவில்லை.

அது கிடக்கட்டும். இந்த மாதப் பணம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும். பேங்கில் ஏதோ தாமதம். பட்டறைக்காரரிடம் முன்பணக் கணக்கைத் தம்பியை வைத்துக்கொண்டு எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். காது மிஷினைத் தள்ளிப்போடாதீர்கள். அத்தை மகள் கல்யாணத்துக்கு ஒரு மோதிரம் போதும், அதற்காக அம்மாவின் வளையலை அடகு வைக்க வேண்டாம். வைத்துவிட்டீர்கள் என்றால் ரசீதைப் போட்டோ எடுத்துத் தம்பியை அனுப்பச் சொல்லுங்கள், அம்மாவுக்குத் தெரியாமல்.

உங்கள் மகள்