ஆதார் நகல் கேட்டால்

அன்புள்ள செல்வி,

பெங்களூரில் நீ தங்கப்போகும் பி.ஜி. விடுதி ஓனர் ஆதார் நகல் கேட்கிறார் என்றாயே, கொடு. ஆனால் முழு நம்பரோடு கொடுக்காதே. தங்க வருகிறவள் யார் என்று அவருக்குத் தெரிந்தால் போதும். 12 இலக்கமும் எதற்கு?

மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய் டவுன்லோட் ஆதாரை அழுத்து. மாஸ்க்டு ஆதார் வேண்டுமா என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் போட்டால் முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் நிற்கும். அவசரத்தில் எல்லோரும் தவற விடுவது அந்த டிக்கைத்தான். பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதே. பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்து, கூடவே பிறந்த வருஷம்; உன்னைத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். பிரின்ட் எடுத்ததும் 'பி.ஜி.யில் தங்க மட்டும்' என்று தேதியோடு எழுது. ஓரத்தில் எழுதினால் அதை மறைத்து இன்னொரு நகல் எடுத்துவிடுவார்கள். உன் படத்தைத் தொட்டபடி குறுக்கே எழுது.

பிரின்ட் எடுக்கும் இடம்தான் பெரிய ஓட்டை. வண்ணாரப்பேட்டையானாலும் பெங்களூரானாலும் கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு என்பார்கள். நீ பிறகு 'எல்லோருக்கும் அழி' கொடுத்தால் சாட்டிலிருந்து போகும். கடை கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் இறங்கிய பிடிஎஃப் அங்கேயேதான் கிடக்கும். வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டரைத் திறக்கச் சொல்லி, ஷிஃப்டோடு டெலீட் அழுத்தச் சொல். வெறும் டெலீட் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். கேட்கக் கூச்சப்படாதே, காசு கொடுத்துத்தானே எடுக்கிறாய்.

அடுத்தது கைரேகை. ஆதார் நம்பரும் ரேகையும் இருந்தால், ஏஇபிஎஸ் முறையில் ஓடிபி இல்லாமலே பேங்க் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும். பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்துத் திருடிய வழக்குகள் வந்திருக்கின்றன. அதே மைஆதார் தளத்தில் பயோமெட்ரிக் லாக் இருக்கிறது, போட்டுவிடு. பூட்டிய பிறகு ரேகை, கருவிழி, முகம் மூன்றும் ஓடாது. ஓடிபி மட்டும் வேலை செய்யும். இங்கே ரேஷனுக்கு அப்பாவோ நானோ விரல் வைத்துக்கொள்கிறோம். புது சிம் வாங்க ரேகை கேட்டால் அப்போது மட்டும் தற்காலிகமாகத் திற.

சிம் என்றதும் ஞாபகம் வருகிறது. சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் உன் பெயரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்று பார். தெரியாத நம்பர் இருந்தால் என்னுடையது இல்லை என்று அங்கேயே குறித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனுக்கு 6 இலக்க பின் வை. பிறந்த தேதி வேண்டாம்.

நம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடையில் ஆரம்பித்து எங்கே பில் போட்டாலும் போன் நம்பர் கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னாலும் பில் வரும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் சொன்னார்கள், தகவல் பாதுகாப்புச் சட்டமும் 2023-ல் வந்தது. அதற்காக பில் போடுகிற பையனிடம் சட்டம் பேசாதே, பாவம் அவன்.

அப்பா லைவ் லொகேஷன் கேட்பார். வாட்ஸ்அப்பில் 15 நிமிஷம், 1 மணி, 8 மணி என்று மூன்று இருக்கும். ராத்திரி ஆட்டோவில் வந்தால் 1 மணி போதும், ரூமுக்குப் போனதும் நிறுத்திவிடு. கூகுள் மேப்பில் நாமே நிறுத்தும்வரை ஓடுகிற பகிர்வு ஒன்று உண்டு, அதை அவர் கேட்டாலும் போடாதே. அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா